வந்துகொண்டே இருப்பவர்கள்

பழைய மாக் ட்ரில்லைப் பார்த்தவர்களுக்குத்தான் நிழல்பெட்டியின் அருமை தெரியும். நான் பார்த்தவன். பார்த்தவன் என்ன, நடத்தியவனே நான்தான்.

சாவடித்துறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் சுகாதார ஆய்வாளர். பெயர் கலியமூர்த்தி. கடலோரம் என்பதால் ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னாலும் மாக் ட்ரில், அதாவது புயல் ஒத்திகை, நடத்தியாக வேண்டும். எந்த நாள், எந்த இடம் என்று ஆட்டோவில் மைக் கட்டி ஊருக்கே சொல்லிவிடுவோம். சொல்லாவிட்டால் கூட்டம் வராது, கூட்டம் வராவிட்டால் போட்டோ நன்றாக இருக்காது. ஜனங்களும் தலை சீவி, பவுடர் பூசிக்கொண்டு, புயலில் அடிபட வருவார்கள். யாருக்கு என்ன அட்டை என்பதில் சண்டை நடக்கும். சிவப்பு அட்டை என்றால் உயிருக்கு ஆபத்து, உடனே ஆம்புலன்ஸ். ஏசி வண்டியில் ஒரு சுற்றுப் போய்வரலாம் என்பதால் எல்லோருக்கும் சிவப்புதான் வேண்டும். கறுப்பு அட்டை இறந்தவருக்கு. ஒரு தடவை கறுப்பு அட்டை கட்டிப் படுத்திருந்த ஆள் அதிகாரிகள் எதிரிலேயே எழுந்து உட்கார்ந்து, "சார், அங்க வடை தீந்துடும் போல இருக்கே" என்றார். அன்றைக்கும் 'ஒத்திகை சிறப்பாக நடைபெற்றது' என்றுதான் எழுதி அனுப்பினோம்.

அப்புறம் நிஜப் புயல் வந்தது. ஒத்திகையில் முகாமுக்கு முதல் ஆளாக ஓடிவந்தவர்கள் எல்லாம் ஆட்டைப் பிடிக்கவும் டிவியைப் பரணில் ஏற்றவும் வீட்டிலேயே நின்றுவிட்டார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு மாமியார் வீட்டைப் பார்க்கப் போய்விட்டார். நாங்கள் ஒத்திகை பார்த்தது வேறு ஜனங்களோடு, புயல் அடித்தது வேறு ஜனங்கள் மீது.

அதற்குத்தான் நிழல்பெட்டி என்கிற கம்ப்யூட்டர் வந்தது. கொண்டுவந்தவர் அபிராமன். மாவட்டப் பேரிடர் பிரிவில் திட்ட அலுவலர். சின்ன வயசு. எதைக் கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்வார், அதுவே எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

"உள்ளே ஒவ்வொருத்தருக்கும் ஒரு நிழல் இருக்கு சார்" என்றார். "உங்க நிழல், டாக்டர் நிழல், மீன் விக்கிற அம்மாவோட நிழல். உள்ளே ஒரு புயலை அடிக்க விடுவோம். யார் எங்க ஓடுறாங்க, யார் அப்படியே உக்காந்துடுறாங்கன்னு பாப்போம். அதை வெச்சு மருந்து, படகு, டாக்டர் எல்லாத்தையும் பிரிச்சு வைப்போம்."

"என் நிழலை எங்கேருந்து பிடிச்சீங்க?"

"உங்க மஞ்சள் போன்ல இருந்துதான்."

மஞ்சள் போனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புயல் என்றால் மற்ற நெட்வொர்க் எல்லாம் படுத்துவிடும். அதனால் சுகாதாரப் பணியாளர்களுக்கும் கடலோர வீடுகளுக்கும் அரசாங்கமே ஒரு மஞ்சள் போன் கொடுத்திருந்தது. அது என்ன காற்றிலும் வேலை செய்யும். கொடுக்கும்போதே, பேசுவதைப் பதிவு செய்துகொள்ளலாமா என்று திரையில் கேட்டது. நாங்கள் எல்லோரும் படிக்காமலேயே 'சம்மதம்' என்பதை அமுக்கியிருந்தோம்.

"அப்ப நான் எங்கே இருக்கேன்னும் அதுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். ஆள் இருக்கிற இடத்தைப் பாக்கக் கூடாதுன்னு கோர்ட்ல சொல்லிட்டாங்க. பேச்சு மட்டும்தான். ஆனா பேச்சே போதும். சாதாரண நாள்ல மனுஷன் ஆயிரம் பேசுவான். புயல் தலைக்கு மேல நிக்கும்போது பொய் பேசமாட்டான் சார்."

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. தலையாட்டினேன்.

புரட்டாசியில் மாவட்டக் கூட்ட அரங்கில் எங்கள் வட்டாரத்துக்கான ஒத்திகையைப் போட்டுக் காட்டினார்கள். சுவர் அகலத்துக்கு வரைபடம். அதில் எறும்பு மாதிரி நிழல்கள். புயலைக் கிளப்பினதும் அவை ஓட ஆரம்பித்தன. யார் நிழலைத் தொட்டாலும் அவர் குரலிலேயே பேசும். முதலில் என்னுடையதைத் தொட்டார்கள். "யாரும் வெளியில போகாதீங்க! தண்ணியைக் காய்ச்சிக் குடிங்க! யாருய்யா அங்க கதவைத் தொறக்கிறது?" என்று என் குரல் அரங்கம் முழுக்கக் கத்தியது. சிரிப்பு அடங்க நேரமானது. ஆனால் என் நிழல் புயல் ஓயும்வரை முகாமைவிட்டு அசையவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்து எங்கள் மருத்துவர் தமயந்தியின் நிழல். டாக்டர் என் பக்கத்து நாற்காலியில் இருந்தார். சாவடித்துறைக்கு மாற்றலாகி வந்து இரண்டாவது மழைக்காலம். புயல் நாளில் நான் முகாம் முகாமாக அலைவேன், நிலையத்தில் யார் இருந்தார்கள், யார் போனார்கள் என்று பார்த்ததில்லை. திரையில் அவருடைய நிழலைத் தொட்டதும் பதட்டமான குரல் வந்தது.

"அப்பா, பயப்படாதீங்க. நான் கிளம்பிட்டேன். இந்தா, வந்துக்கிட்டே இருக்கேன்."

டாக்டரின் நிழல் சுகாதார நிலையத்தை விட்டு இறங்கி, படகுத்துறைக்குப் போய், உப்பங்கழியைத் தாண்டி, தீவு மாதிரி இருக்கும் முள்ளித்திட்டில் ஏறியது. அங்கேதான் டாக்டரின் அப்பா சிங்காரவேலு தனியாக இருந்தார். டாக்டர் முகம் சுண்டிப்போனது.

அபிராமன் அவசரமாகச் சொன்னார். "மேடம், இதுல உங்களைக் குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. நாங்க யாரையும் திருத்த வரல. மனுஷங்க எப்படி இருக்கணும்னு வெச்சுப் போட்ட திட்டமெல்லாம் தோத்துடுச்சு. எப்படி இருக்காங்களோ அப்படியே வெச்சுப் போடுறோம். நீங்க அப்பாகிட்ட போவீங்க, போகட்டும். சாவடித்துறைக்குப் பக்கத்து வட்டாரத்துல இருந்து ஒரு டாக்டர் வருவாரு. முள்ளித்திட்டு முகாமுக்கு நீங்க ஆச்சு. அதனால திட்டுல இருக்கிற கர்ப்பிணிங்களை முன்கூட்டியே இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டியதில்ல. அந்தப் படகுங்களை வடக்கால இருக்கிற குப்பத்துக்குத் திருப்பிட்டோம்."

எனக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. என் ஒரே மகள் பூங்கோதையை முள்ளித்திட்டில்தான் கட்டிக்கொடுத்திருந்தேன். நிறைமாசம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவள். ஆனால் என் வீட்டில் தாய் இல்லை, அவள் போய் வருடங்கள் ஆகின்றன. 'அம்மா இல்லாத வீட்டுல என்னை யாருப்பா பாப்பா, நீயா?' என்று சிரித்துவிட்டு மகள் அங்கேயே இருந்துவிட்டாள். புயல் வந்தால் என்ன செய்வது என்று உள்ளுக்குள் நான் செத்துக்கொண்டிருந்தேன். இப்போது டாக்டரே அங்கே இருக்கப்போகிறார். பக்கத்தில் ஒரு பெண் அவமானத்தில் குறுகி உட்கார்ந்திருக்க, நான் மனசுக்குள் அந்த நிழலுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தேன்.

நிலையத்துக்குத் திரும்பி, டீ வந்து, ஆடை படிந்த பிறகுதான் டாக்டர் வெடித்தார்.

"நான் எப்ப சார் போனேன்? ஒருநாளாவது போயிருக்கேனா? போன வருஷம் ரெண்டு புயலுக்கும் அந்த ரூமை விட்டு நான் வெளியில வரல. நர்ஸைக் கேளுங்க!"

"அப்ப அந்தப் பேச்சு?"

"பேசினது நான்தான். எங்கப்பா தனியா இருக்காரு சார். காத்து கிளம்பினா குழந்தை மாதிரி ஆயிடுவாரு. 'எப்பம்மா வர்றே?'ன்னு கேட்டா, 'வரமாட்டேன்'னா சொல்றது? கிளம்பிட்டேன்னு சொல்லுவேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கூப்பிடுவாரு. வந்துக்கிட்டே இருக்கேன்னு சொல்லுவேன். காத்து அடங்குற வரைக்கும் நான் வந்துக்கிட்டேதான் இருப்பேன்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நம்மில் யார் அதைச் சொல்லாதவர்? குளிக்கக்கூட இல்லை, துண்டோடு நின்றுகொண்டு 'பஸ் ஏறிட்டேன்' என்கிறோம். கல்யாண மண்டபத்தில் எல்லோரும் காத்திருக்கும்போது வீட்டில் புடவைக்கு மடிப்பு எடுத்துக்கொண்டே 'தெருமுனைக்கு வந்துட்டோம்' என்கிறோம். கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். தெரியாதது அந்தப் பெட்டி ஒன்றுக்குத்தான்.

அபிராமனுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"சார், அவங்க ஒரு தடவை இல்ல, ஒவ்வொரு புயலுக்கும் அதையேதான் சொல்லியிருக்காங்க. அவங்க வாயாலேயே."

"யோவ் தம்பி, அது சும்மா ஆறுதலுக்குச் சொல்றது!"

"எல்லா வட்டாரத்துலயும் இப்படித்தான் சார். தன் நிழலைப் பாத்தவங்க எல்லாருமே 'நான் அப்படி இல்ல'ங்கறாங்க. பேர் கெட்டுடுமேன்னு பயம். அதை நம்பித் திட்டத்தை மாத்தினா பழையபடி மாக் ட்ரில்தான். சொல்லுங்க, மாத்தவா?"

என் வாயை அடைத்தது அந்த மாக் ட்ரில்தான். போனை வைத்துவிட்டேன். டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒண்ணு கேக்கிறேன், மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க. நான் திட்டுக்குப் போகணும்னு நினைக்கிறீங்களா?"

"ஆமா டாக்டர்" என்றேன். "எனக்கு வேற சொல்லத் தெரியல. எம் பொண்ணு அங்க இருக்கு."

"எங்கப்பாவும் அங்கதான் சார் இருக்காரு" என்றார் டாக்டர்.

ஆறிய டீயை அவர் கொட்டிவிட்டுப் போனார்.

ஐப்பசி அடைமழைக்கு நடுவே புயல் உருவாகிவிட்டது. சாயங்காலம் கரையைக் கடக்கும் என்றார்கள். காலையிலேயே பூங்கோதையைக் கூப்பிட்டேன்.

"நீ உடனே கிளம்பி இந்தப் பக்கம் வந்துடு. டாக்டர் அங்க வரப்போறதில்ல. அரசாங்கப் படகும் உங்களுக்கு இல்ல. மாப்பிள்ளையை எறாப் பண்ணைப் படகை எடுக்கச் சொல்லு."

"சரிப்பா, சரிப்பா. இந்தா கிளம்பிட்டோம்."

நிம்மதியாகத் தண்ணீர்த் தொட்டிகளில் குளோரின் கலக்கப் போனேன். மழைக்காலம் முடிகிற வரை முகாம் வேலை எல்லாம் என் தலையில்தான். பள்ளிக்கூடத்தில் முகாம் திறந்து, பாய், மாத்திரை, பிளீச்சிங் பவுடர் எல்லாம் இறக்கிவிட்டு நிலையத்துக்கு வந்தால், டாக்டர் வாசலில் நின்று மஞ்சள் போனில் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்து வட்டாரத்திலிருந்து வர வேண்டிய மருத்துவரோடு.

"பாலத்துக்கிட்ட இருக்காராம். வந்துக்கிட்டே இருக்காராம்" என்றார் டாக்டர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

எனக்கு அப்போதுதான் சுருக்கென்றது. உடனே மகளைக் கூப்பிட்டேன்.

"எங்கம்மா இருக்கே?"

"வந்துக்கிட்டே இருக்கோம்ப்பா. பாதிக் கழி தாண்டியாச்சு."

அவள் குரலுக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"என்னடி சத்தம் அது?"

"காத்துப்பா" என்றாள். இன்னொரு விசில் வந்தது. போனை வைத்துவிட்டாள்.

என் மகள்! நான் பெற்ற பிள்ளை! நான் அத்தனை பாடம் படித்தும் காலையில் அந்த ஒரு வார்த்தையை நம்பிக்கொண்டு குளோரின் கலக்கப் போயிருக்கிறேனே, என்னை எதைக்கொண்டு அடிப்பது? அந்தப் பெட்டியைத் திட்டினேனே, நான் மட்டும் என்ன செய்தேன்? அதற்காவது பேச்சின் உள்ளர்த்தம் தெரியாது, எனக்குத் தெரியுமே.

டாக்டரிடம் ஓடினேன். நான் வாய் திறக்குமுன் அவருக்குப் புரிந்துவிட்டது. உள்ளே வலியோடு இரண்டு பெண்கள் இருந்தார்கள், ஒருத்தி கத்துவது கேட்டது.

"என்னால வரமுடியாது சார்."

"நான் உங்களைக் கூப்பிடல. நான் போறேன்."

அவர் பிரசவப் பெட்டியை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். "வலி எடுத்துட்டா ஒரு பொம்பளையைப் பக்கத்துல வெச்சுக்குங்க. என்னைக் கூப்பிடுங்க. நான் சொல்லச் சொல்ல அவங்ககிட்ட சொல்லுங்க. பயப்படக் கூடாது." அப்புறம் கொஞ்சம் தயங்கி, "அப்பாவைப் பாத்தா..." என்றார்.

படகுத்துறையில் ஒரே ஒரு ஃபைபர் படகு கிளம்பிக்கொண்டிருந்தது. "இது கடைசி நடை சார். போனா படகை அங்கயே கட்டிருவேன். திரும்பி வரணும்னு கேக்கக் கூடாது" என்றார் படகுக்காரர். ஏறிவிட்டேன். கழியில் அலை எழும்பியதை என் வயசில் அன்றுதான் பார்த்தேன். பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு, தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

மகள் வீடு பூட்டியிருந்தது.

கதவைத் தட்டினேன், கத்தினேன், ஜன்னல் வழியே பார்த்தேன். அடுப்பின் மேல் குக்கர் திறந்து கிடந்தது. அதில் ஒரு பருக்கை இல்லை. முகாமுக்கு ஓடினேன். அங்கே வாசலில் குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிங்காரவேலு நின்றிருந்தார்.

"ஓம் பொண்ணா? போயிட்டாங்களே தம்பி! தெக்கு வாய்க்கா வழியா மாப்பிள்ளை கூட்டிக்கிட்டுப் போறான். வழியில பசிக்கும்னு சோத்தைக் கட்டிக்கிட்டில்ல போனாங்க. நீ வடக்கால வந்திருக்கே, அதுங்க தெக்கால போயிருக்குங்க."

அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்புதான் வந்தது. டாக்டர் இருக்கிற இடத்துக்கு மகள் போய்விட்டாள். டாக்டர் இல்லாத இடத்தில் நான். போகட்டும், அவள் தப்பித்தாளே. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். முகாமென்றால் எனக்கு வேலை தெரியும்.

உள்ளே சுற்றிப் பார்க்கும்போதுதான் அஞ்சலாட்சியைப் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். அவளும் நிறைமாசம். புருஷன் வெளிநாட்டில். எறாப் பண்ணைப் படகு இருக்கிற மாப்பிள்ளை அவளுக்கு இல்லை. திட்டத்தில் அவளுக்கு டாக்டர் உண்டு, அதனால் படகு இல்லை.

"எப்பம்மா வலி ஆரம்பிச்சுது?"

"காலையிலேருந்து சார். டாக்டரம்மா வருவாங்கன்னு போன வாரம் வந்த நர்ஸம்மா சொன்னாங்க. வந்துட்டாங்களா?"

நான் பிரசவப் பெட்டியைத் திறந்தேன்.

காற்று ஏறியது. கதவுக்குப் பெஞ்சை முட்டுக் கொடுத்தோம். மூலையில் இரண்டு புடவையைக் கட்டி மறைப்பு. உள்ளே அஞ்சலாட்சி, கூடவே நாலு பிள்ளை பெற்ற மீன்காரம்மா ஒருவர். நான் புடவைக்கு இந்தப் பக்கம் மஞ்சள் போனோடு. டாக்டர் அங்கிருந்து சொல்வார், நான் திருப்பிச் சொல்வேன், மீன்காரம்மா செய்வார். அவர் பார்த்ததைச் சொல்வார், நான் போனில் சொல்வேன். டாக்டரின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவது எனக்குத் தெரிந்தது. கேள்விகள் சின்னதாகிக்கொண்டே வந்தன.

இடையில் சிங்காரவேலு மெல்ல வந்து போனை வாங்கினார். "அம்மாடி, கிளம்பிட்டியா?" என்றார். "கிளம்பிட்டேன்ப்பா, வந்துக்கிட்டே இருக்கேன்" என்றது டாக்டரின் குரல். அவர் திருப்தியாகப் போனைக் கொடுத்தார்.

"வரமாட்டா" என்றார் என்னிடம்.

"தெரியுமா உங்களுக்கு?"

"ஏந்தம்பி, என் பொண்ணை எனக்குத் தெரியாதா? நோயாளியை விட்டுட்டு வர்ற ரகமா அது?"

"அப்புறம் எதுக்குக் கேக்குறீங்க?"

"கேட்டாத்தானே அவ சொல்லுவா" என்றார், நான் என்னவோ முட்டாள்தனமாகக் கேட்டுவிட்ட மாதிரி.

பொழுது சாயும் நேரம். டாக்டர் திடீரென்று, "சார், பூங்கோதைக்கு இங்க வலி எடுத்துடுச்சு. உங்ககிட்ட பேசணும்னு அழுவுறா. ஒரே நிமிஷம்" என்றார். போன் கை மாறியது.

"அப்பா! எங்கப்பா இருக்கே? நீ இங்க இருப்பேன்னுதானே வந்தேன். எனக்குப் பயமா இருக்குப்பா. அம்மாவும் இல்ல. நீ எங்கப்பா இருக்கே?"

வெளியே ஒரு தென்னை முறிந்து விழுந்தது. கழி எது, திட்டு எது என்று தெரியாமல் ஜன்னலுக்கு வெளியே ஒரே தண்ணீர்.

"இந்தா, கிளம்பிட்டேன்மா" என்றேன். "படகுல ஏறிட்டேன். வந்துக்கிட்டே இருக்கேன். நீ டாக்டர் சொல்றபடி கேளு. நான் வந்துக்கிட்டே இருக்கேன்டா கண்ணு."

புடவைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அஞ்சலாட்சி அலறினாள். "சார்! போறீங்களா சார்? போயிடாதீங்க சார்!"

போனைக் கையால் பொத்திக்கொண்டேன். "நான் எங்கயும் போகலம்மா. இங்கதான் இருக்கேன்."

பூங்கோதைக்குப் பெண் குழந்தை பிறந்தது. டாக்டர் சொல்லி எனக்குத் தெரிந்தது. அவர் அதை மகிழ்ச்சியாகச் சொல்லவில்லை. ஏனென்றால் அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அஞ்சலாட்சிக்குப் பிறந்த ஆண்குழந்தை அழவில்லை என்று நான் அவரிடம் சொல்லியிருந்தேன். தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. அவர் சொன்னதை எல்லாம் செய்தோம். மீன்காரம்மா ஊதினார், தேய்த்தார், தலைகீழாகப் பிடித்தார், கடலைத் திட்டினார். அது அழவேயில்லை. அஞ்சலாட்சி பிழைத்தாள்.

"நான் அங்க இருந்திருந்தா..." என்றார் டாக்டர் போனில்.

"இருந்திருந்தா உங்ககிட்ட இருந்த மூணு பேரு?" என்றேன். அந்தப் பெண்ணைப் படகில் ஏற்றியிருந்தால் போதும். அவ்வளவுதான். யாருமே ஓட வேண்டியதில்லை, யாருமே தியாகம் செய்ய வேண்டியதில்லை. ஒரு படகு.

ஒரு வாரம் கழித்து மாவட்ட அறிக்கை வந்தது. முள்ளித்திட்டில் உயிரிழப்பு இல்லை என்று இருந்தது. அபிராமனைக் கூப்பிட்டுக் கத்தினேன். பொறுமையாகத்தான் பதில் சொன்னார், ஆனால் குரல் உள்ளே போயிருந்தது. அறிக்கையை எழுதியது பெட்டியாம். புயலுக்கு முன்னால் இருந்த நிழல்களையும் பின்னால் இருக்கிற ஆட்களையும் சரிபார்த்துத்தான் அது கணக்குச் சொல்லுமாம். பிறந்து அழாத பிள்ளைக்கு முன்னால் நிழல் கிடையாது. அதனால் கணக்கில் ஆள் குறையவும் இல்லை.

"நான் கையால திருத்தி அனுப்புறேன் சார்" என்றார். அனுப்பவும் செய்தார். அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம்.

மறு வருடம் புரட்டாசி. அதே அரங்கம். அதே சுவர். அபிராமன் கொஞ்சம் இளைத்திருந்தார். முள்ளித்திட்டுக்காரர்களில் அஞ்சலாட்சியும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். புயலை ஓடவிட்டார்கள். டாக்டரின் நிழல் இந்தத் தடவையும் கழியைத் தாண்டியது. டாக்டர் இப்போது தலை குனியவில்லை, கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். அடுத்து என் நிழலைத் தொட்டார்கள்.

"இந்தா, கிளம்பிட்டேன்மா. படகுல ஏறிட்டேன். வந்துக்கிட்டே இருக்கேன்டா கண்ணு."

புயல் உச்சத்தில் இருக்கும்போது என் நிழல் முகாம் கதவைத் திறந்து, நூறு பேரை விட்டுவிட்டு வெளியே நடந்தது. அரங்கில் யாரோ 'உச்' கொட்டினார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "பொய்! சார் எங்கயும் போகல" என்றாள் அஞ்சலாட்சி.

அபிராமன் என் அருகே வந்து குனிந்தார். "சார், போன வருஷம் உங்க நிழல் கடைசி வரைக்கும் முகாம்ல இருந்துச்சு. இப்ப போயிடுது. ஆனா நீங்க போகல, அது எனக்கே தெரியும். இந்தப் பேச்சை அதுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறதுன்னு ஒரு வருஷமா மண்டையை உடைச்சுக்கிறேன். பொய்னு சொல்லிக்கொடுத்தா நிஜமாவே கிளம்பினவங்களையும் நம்பமாட்டேங்குது. உங்க பொண்ணே ஒரு தடவை சும்மா சொல்லிட்டு, அப்புறம் நிஜமாவே கிளம்பியிருக்காங்க. நான் என்னதான் சார் பண்றது?"

"சொல்லிக்கொடுக்காதீங்க" என்றேன். "அது அப்படியே இருக்கட்டும். ஆனா எவனாவது எங்கயாவது வந்துக்கிட்டே இருக்கேன்னு சொன்னா, அவன் எந்த ஊருக்கு வர்றேன்னு சொல்றானோ அந்த ஊருக்கு நீங்க ஒரு படகை அனுப்பிடுங்க. அவன் வந்தா வரட்டும்."

அவர் யோசித்துக்கொண்டே நின்றார். அந்த நேரம் பார்த்து என் பையில் மஞ்சள் போன் அடித்தது. முள்ளித்திட்டிலிருந்து பூங்கோதை. பின்னால் பேத்தி வீரிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"அப்பா, இன்னும் கூட்டம் முடியலையா? இவ உன்னைக் காணாம ஆர்ப்பாட்டம் பண்றா. எப்பப்பா வருவே?"

"இந்தா, கிளம்பிட்டேன்மா. வந்துக்கிட்டே இருக்கேன்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அபிராமன் என்னையும் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மேடைக்குப் போய், திரையில் வடக்குக் குப்பத்தில் நின்ற படகுகளில் ஒன்றை விரலால் தொட்டு, முள்ளித்திட்டுக்கு இழுத்து வைத்தார்.